வண்டிக்கு இரண்டு காய் தனியாக

சித்திரையும் வைகாசியும் தமிழ்க் கணக்கில் இளவேனில். பெயரில்தான் இளமை. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி எனும் செம்மணல் மேட்டில் பத்து மணிக்கு மேல் வெறுங்கால் வைக்க முடியாது. ஆனாலும் பள்ளிக்கூட விடுமுறை, நுங்கு, வேப்பம்பூ, கடலை அறுவடை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுவது இந்த நாட்களில்தான். பேரப்பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போக இதைவிட நல்ல காலம் ஆண்டில் வேறு இல்லை.

பலரும் செய்யும் தவறு, ஒரே நாளில் கோயில், அருவி, தோட்டம், கடல் என்று நாலு இடம் போடுவது. வண்டியில் ஏறி இறங்கியே பிள்ளைகள் சோர்ந்துவிடும். ஒரு பனந்தோப்பும் பக்கத்தில் ஒரு கடலைக்காடும் இருந்தால் ஒரு முழு நாளுக்குப் போதும். வேலையைப் பிரிப்பதுதான் முக்கியம்: கத்தியும் அரிவாளும் தாத்தா ஆச்சி கையில், மற்றதெல்லாம் பிள்ளைகள் கையில். பெரியவர்களே முழுசாகச் செய்து நீட்டிய பொம்மை பத்து நிமிடத்தில் மூலைக்குப் போகும். கோணல்மாணலாக இருந்தாலும் நுங்குக் கூட்டில் குச்சியைத் தானே குத்தித் திருகிச் செய்த விளையாட்டு வண்டியைப் பிள்ளை ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கும்.

அன்றைய பொழுதை வெயிலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆறு மணிக்குப் பதநீர், ஆறரைக்குக் கடலைக்காடு, ஒன்பதுக்குள் நுங்கோடு நிழலுக்குத் திரும்பிவிட வேண்டும். பத்திலிருந்து பன்னிரண்டு வரை வேப்பமர நிழலில் கைவேலை. பிறகு சாப்பாடு, தூக்கம். நாலரைக்கு மேல் வண்டி ஓட்டம். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை பிள்ளைகளை வெயிலில் விடவே வேண்டாம்.

பதநீரை விடியற்காலையில் இறக்குவார்கள், அதை இறக்கிய கையோடு குடிக்க வேண்டும். பாளையிலிருந்து, அதாவது பனையின் பூங்குலையிலிருந்து, வடியும் சாறு புளித்துவிடாமல் இருக்கத்தான் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அதனால் கலயத்திலிருந்து ஊற்றியதைக் கொஞ்ச நேரம் அசையாமல் தெளியவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டியே பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு வண்டலைக் கொடுக்கக் கூடாது. முதல்முறை குடிக்கிற பிள்ளைக்குக் கால் டம்ளர் போதும். வெறும் வயிற்றில் நிறையக் குடித்தால் வயிறு இளகும். புளித்த வாடையும் நுரையும் இருந்தால் சுண்ணாம்பு போதாமல் நொதித்திருக்கிறது என்று அர்த்தம், அதைப் பிள்ளை வாயில் வைக்கக் கூடாது.

குடிக்க டம்ளர் வேண்டாம், பட்டை பிடிக்கலாம். விரிந்த பச்சை ஓலை ஒன்றை விசிறிபோலப் பிடித்து, நுனிகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, ஓலைக் கிழிசலாலேயே இறுக்கிக் கட்டினால் நடுவில் தோணிபோலக் குழி விழும். அதுதான் பட்டை. ஓலை கிழிந்திருந்தால் மடிப்பு வழியே ஒழுகும். அதனால் முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுப் பதநீர் ஊற்றுங்கள். கையில் எடுக்குமுன் மட்டையின் இரு விளிம்பிலும் உள்ள கருக்கைச் சீவிவிட வேண்டும். ரம்பப் பல் மாதிரி இருக்கும், இழுத்தால் உள்ளங்கை கிழியும். பனந்தோப்பில் பிள்ளைகளுக்கு இந்தக் கருக்கால் காயம் வரும்.

‘இந்த மரத்தில் ஏன் நுங்கு இல்லை?’ என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். ஆண்பனையில் பதநீர் கிடைக்கும், நுங்கு காய்க்காது. பெண்பனையில் இரண்டும் உண்டு, ஆனால் பதநீருக்காகச் சீவிய பாளையில் காய் பிடிக்காது. பதநீரா நுங்கா என்பதைப் பனையேறி பாளை பாளையாகத் தீர்மானிக்கிறார். பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கும் பிள்ளைக்கு, இதுதான் அந்த மரத்தின் நிஜமான பாடம்.

தோப்புக்குள் நுழையுமுன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, மரத்தின் உச்சியில் கதண்டு எனும் பெரிய குளவியின் கூடு இருக்கிறதா என்பது. இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கல்லெறிவது, அடியில் புகை போடுவது எதுவும் கூடாது. கதண்டு கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. இரண்டு, கீழே குவிந்து கிடக்கும் காவோலை, அதாவது காய்ந்த ஓலை. தேளுக்கும் பாம்புக்கும் அதுதான் வீடு. நீளக் கம்பால் தட்டிப் பார்க்காமல் ஓலை இழுக்கப் பிள்ளைகளை விடக் கூடாது. தரைமட்டக் கிணறு இருக்கும் தோட்டமென்றால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒரு பெரியவரை ஒதுக்குங்கள். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

மார்கழி, தை மாதத்தில் கிணற்றுப் பாசனத்தில் விதைத்த நிலக்கடலை பங்குனி, சித்திரையில் பறிப்புக்கு வரும். ஏறக்குறைய நூற்றைந்து நாள் பயிர். இதில் பிள்ளைகளுக்கேற்ற வேலை செடி பிடுங்குவது. முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சியிருந்தால் ஐந்து வயதுப் பிள்ளைகூடப் பிடுங்கிவிடும். காய்ந்த மண்ணில் பிடுங்கினால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணுக்குள் அறுந்து நின்றுவிடும். தூரோடு சேர்த்துப் பிடித்து, நேர்மேலே இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தாலும் காய் அறும். முற்றிவிட்டதா என்று பார்க்க ஒரு காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். முற்றிய காயில் கருமை படர்ந்திருக்கும். வெள்ளையாகவே இருந்தால் பிஞ்சு.

பிடுங்கிய செடியில் பார்க்க நிறைய உண்டு. பூ மேலே பூத்தாலும் காய் மண்ணுக்குள் காய்க்கிறது. பூ வாடியபின் அடியிலிருந்து ஊசிபோல ஒரு காம்பு இறங்கி மண்ணைத் துளைத்துப் போய், அதன் நுனிதான் காயாகிறது. மண்ணைத் தொடாத ஊசிகள் செடியிலேயே தொங்குவதைக் காட்டலாம். வேரில் கடுகு அளவில் முடிச்சுகள் இருக்கும். பச்சையாக இருக்கும் செடியில் ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துவைக்கும் நுண்ணுயிர் அங்கே வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறம்தான் அடையாளம். அறுவடை தள்ளிப்போன செடியில் முடிச்சு செத்து உள்ளே பழுப்பாகிவிடும். பாடம் நடத்த நினைக்காதீர்கள், கீறிக் காட்டினால் போதும், அடுத்த அரைமணி நேரம் பிள்ளைகளே கீறிக்கொண்டிருப்பார்கள்.

பறித்த பச்சைக்கடலையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். ஒரு கிலோ காய்க்கு இரண்டு மேசைக்கரண்டிக் கல்லுப்பு, காய் மூழ்கும் அளவு தண்ணீர். குக்கரில் மூன்று விசில், திறந்த பாத்திரமென்றால் முப்பது முப்பத்தைந்து நிமிடம். வெந்தவுடன் வடித்தால் உப்பு ஓட்டிலேயே நின்றுவிடும். அதே தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டால்தான் பருப்புக்குள் இறங்கும்.

இனி நுங்கு. அதற்கு முன்னால் நுங்கு வெட்டுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்: ‘அண்ணாச்சி, வண்டிக்கு ரெண்டு காய் தனியா வேணும், மேலாகச் சீவுங்க.’ இதைச் சொல்லாவிட்டால் அவர் வழக்கம்போல ஆழமாக வெட்டி, நுங்கை மட்டும் தோண்டி எடுத்துக் கொடுத்துவிடுவார். சக்கரத்துக்கான கூடு சிதைந்துபோயிருக்கும். குலையைக் கயிற்றில் கட்டி இறக்கச் சொல்லுங்கள். மேலிருந்து போட்ட காய் உள்ளே விரிசல் கண்டிருக்கும், வண்டி நாலு முறை உருண்டதும் பிளந்துவிடும்.

ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண், சிலதில் இரண்டு. பெருவிரலை விட்டு நோண்டிச் சாப்பிடுவதுதான் முறை. கரண்டி கொடுத்தால் பாதி நுங்கு கூட்டிலேயே தங்கும். விரலை விட்டதும் உள்ளிருக்கும் நீர் முகத்தில் பீச்சும். அது நடக்கட்டும், முன்கூட்டியே சொல்லிக் கெடுக்காதீர்கள். இளசு என்றால் கண்ணாடி மாதிரி வழவழவென்று, நீர் நிறைந்திருக்கும். முற்றியது வெள்ளையாகத் தேங்காய்போலக் கடிபடும். கடுக்காய் என்போம். பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வயிற்றுவலி வரலாம். நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழு நுங்கு கொடுக்க வேண்டாம், வழுக்கித் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். தோலை உரித்து, கையால் மசித்துக் கொடுங்கள். பெரியவர்கள் துவர்ப்புத் தோலோடு சாப்பிடலாம். வெட்டிய நுங்கு இந்த வெயிலில் சாயங்காலத்துக்குள் புளிக்கும். எடுத்துவைத்து மறுநாள் தின்னலாம் என்று நினைக்கக் கூடாது.

நுங்கெடுத்த கூட்டைக் கோந்தை என்றும் சொல்வார்கள். வண்டிக்கு ஒரே அளவில் இரண்டு வேண்டும். கண்ணால் பார்த்து அளவு சொல்வது ஏமாற்றிவிடும். இரண்டையும் சமதரையில் அருகருகே படுக்கவைத்து, மேலே ஒரு குச்சியைக் குறுக்காக வையுங்கள். குச்சி சாய்ந்தால் ஒன்று சின்னது. அச்சு இரண்டு சக்கரத்தோடும் இறுகிச் சேர்ந்து சுழல்வதால், சின்னச் சக்கரம் இருக்கும் பக்கமாகவே வண்டி வளைந்து வளைந்து போகும். இளம் நுங்குக் கூட்டைவிடக் கொஞ்சம் முற்றிய காயின் கூடு கெட்டி. அதனால் தின்னச் சுமாராக இருக்கும் காயையே வண்டிக்கு ஒதுக்குவது நல்லது.

அச்சுக்குச் சுண்டுவிரல் தடிமனில், முப்பது சென்டிமீட்டர் நீளத்தில் நேரான குச்சி. வேம்பு, புளி, பூவரசு எதுவும் சரி. பச்சைக் குச்சியைவிட ஒரு வாரம் காய்ந்தது நல்லது. பச்சைக் குச்சி காயக் காயச் சுருங்கி ஓட்டையில் தொளதொளத்துப் போகும். இரு முனையையும் பென்சில்போலச் சீவுவது தாத்தா வேலை. கூட்டின் வெட்டாத பக்கத்தின் நடுவே சாக்குத் தைக்கும் கோணூசியால் வழி போடுவதும் பெரியவர் வேலையே. அதற்குப் பிறகு குச்சியைத் திருகித் திருகி உள்ளே ஏற்றுவதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். எட்டு சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும். சுத்தியலால் அடிக்கக் கூடாது, நார் பிரிந்து கூடு வாய்பிளக்கும். நுங்கு இருந்த குழிகள் வெளிப்பக்கம் தெரிய, உருண்டைப் பக்கம் உள்ளே பார்த்தபடி இரண்டையும் மாட்டினால், நடுவில் பதினாலு சென்டிமீட்டர்போல இடைவெளி நிற்கும்.

துளை நடுவில் விழுவதில்தான் எல்லாமே இருக்கிறது. அரை சென்டிமீட்டர் விலகினாலும் வண்டி நொண்டும். மூன்று கண் இருக்கும் காயில் நடு கண்டுபிடிக்க எளிய வழி: கண்கள் மூன்றும் கூடும் இடத்தில் வெட்டுமுகத்தின் மேல் பெருவிரலை வைத்து, நடுவிரலை மறுபக்கம் அதற்கு நேரே வையுங்கள். நடுவிரல் தொடும் இடம்தான் நடு. இரண்டு கண் காயில் இந்தக் கணக்குச் சரிவராது, காயே தட்டையாக இருக்கும், சக்கரத்துக்கு ஆகாது.

அடுத்தது கவட்டைக் கம்பு. பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு நீளம் வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் சரியாக இருக்கும். கம்பு குட்டையானால் குனிந்தே ஓட்டி முதுகு வலிக்கும், நீளமானால் திருப்ப முடியாது. கவட்டையின் கொம்புகள் பத்து சென்டிமீட்டர் இருக்கட்டும். ஒரு கொம்பு அச்சுக்கு மேலும் ஒன்று கீழுமாக, அச்சு கவட்டையின் குழியில் உட்கார வேண்டும். பலர் கொம்புகளை இடமும் வலமுமாக வைத்துவிட்டு வண்டி நழுவுகிறது என்பார்கள். குழியைக் கத்தியால் வழித்து, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் கிரீச் என்று கத்தாது. கவட்டை பக்கவாட்டில் நகர்ந்து சக்கரத்தில் உரசாமலிருக்க, அச்சின் நடுவில் ஒரு விரலிடை விட்டு இருபுறமும் சணல் கயிற்றை ஐந்தாறு சுற்றுச் சுற்றிவிடுங்கள். சரிவில் இறங்கும்போது வண்டி கவட்டையை விட்டு ஓடிவிடும். கொம்புகளின் நுனியை ஒரு பனநாரால் தளர்வாக இணைத்துக் கட்டினால் ஓடாது. இந்தக் கடைசி இரண்டு வேலையும் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குச் சரியான வேலை.

நடுப்பகல் கைவேலைக்கு ஓலை. குருத்தோலை வெளுப்பாக, துணிபோல வளையும். விரிந்த பச்சை ஓலை சாரோலை, காய்ந்து தொங்குவது காவோலை. காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்ற பழமொழியை ஆச்சி சொன்னால், தாத்தா முறைப்பார். பின்னலுக்குக் குருத்து நன்றாக இருக்கும் என்றாலும் ஒரே மரத்தில் திரும்பத் திரும்பக் குருத்தை வெட்டினால் மரம் நலியும். விளையாட்டுச் சாமானுக்குச் சாரோலையே போதும். குருத்தோலை ஞாயிறுக்கு வாங்கி மீந்த தென்னங்குருத்து வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு நாள் நிழலில் வாட்டி, ஈர்க்கை உரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ரொம்பக் காய்ந்துபோயிருந்தால் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றிவைத்தால் முறியாது.

முதலில் காத்தாடி, ஏனென்றால் உடனே பலன் தெரியும். பதினைந்து சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஓலை நறுக்கு ஒன்று. இரண்டாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, அங்கே முள்ளால் ஓட்டை போட வேண்டும். நறுக்கை முன்னால் பிடித்து, வலப்பாதியின் மேல்விளிம்பைத் தன்னை நோக்கியும், இடப்பாதியின் கீழ்விளிம்பைத் தன்னை நோக்கியும் லேசாக மடக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதியிலும் மேல்விளிம்பையே மடக்கினால் காத்தாடி சுற்றாது, நடுங்கும். எல்லாப் பிள்ளையும் முதலில் இதைத்தான் செய்யும். உடைமுள்ளையோ சீமைக்கருவேல முள்ளையோ ஓட்டையில் விட்டு, பின்னால் நகத்தளவு ஓலைத்துண்டு ஒன்றைக் கோத்து, காய்ந்த சோளத்தட்டையின் நுனியில் குத்த வேண்டும். சோளத்தட்டைக்குள் சோறு எனும் உட்பகுதி மெத்தென்று இருப்பதால் பிள்ளை கையாலேயே முள் இறங்கும். அந்த ஓலைத்துண்டை மறந்தால் காத்தாடி தட்டையில் உரசி நின்றுவிடும். ஓட்டை முள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். முள்ளின் கூர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஒடித்துவிடுங்கள். இதைப் பிடித்துக்கொண்டு ஓடப்போகிறவர்கள் சின்னவர்கள்.

நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பூவரசம் பீப்பி. ரொம்பக் கொழுந்தும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் நடுத்தர இலை ஒன்றை எடுத்து, ஓரத்திலிருந்து சுருட்டி, ஒரு முனை குறுகலாக வருமாறு பிடியுங்கள். குறுகிய முனையைப் பல்லால் மெல்ல நசுக்கித் தட்டையாக்கி ஊதினால் சத்தம் வரும். வராவிட்டால் சுருள் இறுகிவிட்டது என்று பொருள். சின்ன இலைக்குக் கீச்சுக் குரல், பெரிய இலைக்கு நாதசுரத் தோரணை.

கிலுகிலுப்பை செய்வதானால் ஓலைப் பெட்டிக்குள் போட சின்னக் கூழாங்கல் நாலைந்து போதும். பார்க்க அழகாக இருக்கிறது என்று குன்றிமணி போடுவது பழைய வழக்கம், அதை அடியோடு விட்டுவிடுங்கள். ஒரு மணியைக் கடித்துத் தின்றாலும் சின்னப் பிள்ளைக்கு உயிராபத்தான நஞ்சு அது. ஆமணக்கு விதையும் அப்படித்தான். அரளி, ஊமத்தைப் பக்கமும் கை போக விடாதீர்கள். கூழாங்கல் வைத்த பெட்டியைக்கூட வாய் இறுக்கிப் பின்னியிருந்தால்தான் கைக்குழந்தை கையில் கொடுக்கலாம்.

வேப்பம்பூ பொறுக்குவதை முந்தின இரவே தொடங்க வேண்டும். மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிடுங்கள். விடியலில் பூ கொட்டிக் கிடக்கும். காம்பும் குச்சியும் பொறுக்கி எடுப்பது பேத்திகளும் ஆச்சியும் உட்கார்ந்து செய்ய வேண்டிய நிதான வேலை. மூன்று நாள் நிழலில் காயவைத்து டப்பாவில் போட்டால் ஆண்டு முழுவதும் ரசத்துக்கு ஆகும். வெயிலில் காயவைத்தால் கறுத்து, மணம் போய்விடும்.

நாலரை மணி வண்டி ஓட்டத்துக்குச் செம்மண் பாதைதான் சரி. தேரி மணலில் சக்கரம் புதையும், தார்ச்சாலையில் கூட்டின் நார் தேய்ந்து பஞ்சாகும், வாகனப் பயமும் உண்டு. மூன்றாம் நாள் கூடு காய்ந்து சுருங்கி அச்சு ஆட ஆரம்பிக்கும். ஒரு ஈர்க்குத் துண்டை அச்சோடு சேர்த்து ஓட்டைக்குள் செருகினால் இன்னும் இரண்டு நாள் ஓடும். அதற்கு மேல் கூடு நாற ஆரம்பித்துவிடும், ஊருக்கு எடுத்துப்போக அடம்பிடித்தாலும் விடாதீர்கள். கவட்டைக் கம்பையும் அச்சையும் மட்டும் கழுவிக் காயவைத்துக் கொடுத்தனுப்புங்கள். நகரத்துத் தள்ளுவண்டியிலும் நுங்கு கிடைக்கும், ‘மேலாகச் சீவுங்க’ என்று கேட்கப் பிள்ளைக்கு இப்போது தெரியும்.